பையன் எழுதிய லோயர்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சிறு விவசாயிகள் போடும் பச்சைத் தேயிலையின் எடை, முன்பணம், மாதப் பட்டுவாடா எல்லாம் அதில்தான். மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, குன்னூரில் என் அறையிலிருந்தே போஸ்ட்கிரெஸில் (அந்த டேட்டாபேஸை நடத்தும் மென்பொருள்) எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசராக நுழைந்து, ஒரே விவசாயி பெயர் இரண்டு தரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயர்கள் இங்கிலீஷில் இருப்பதால் 'லோயர்' (lower) ஃபங்ஷனைப் போட்டேன். பெரிய எழுத்தைச் சின்னதாக்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. ஆனால் பெயருக்குப் பின்னால் இருந்த ஸ்பேஸும் சேர்ந்து காணாமல் போயிருந்தது. அதே பெயரை நானே கையால் டைப் செய்து கொடுத்தால் ஸ்பேஸ் அப்படியே நின்றது. டீ ஆறிப்போகும்வரை குழம்பிவிட்டு, டேட்டாபேஸுக்குள் எல்லோருக்கும் பொதுவான அறை மாதிரி இருக்கும் பப்ளிக் ஸ்கீமாவைத் திறந்தேன். அங்கே இன்னொரு 'லோயர்' உட்கார்ந்திருந்தது. ஆபீஸில் ரிப்போர்ட் எடுக்கும் பையன் எழுதியது.

"பேர் அடிக்கிறப்ப ஸ்பேஸ் விழுந்துடுது சார், மேட்ச் ஆக மாட்டேங்குது. அதான் ஸ்பேஸை வெட்டுற ட்ரிம் சேத்து ஒண்ணு போட்டேன்" என்றான் போனில்.

நல்ல எண்ணம்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

போஸ்ட்கிரெஸின் சொந்த 'லோயர்' டெக்ஸ்ட் வகைக்கானது. எங்கள் டேபிளில் பெயர் இருக்கும் பத்தியோ வார்கேர் என்ற வேறு எழுத்து வகை. அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஒன்று பப்ளிக்கில் கிடைத்தால், சொந்தத்தை விட்டுவிட்டு அதைத்தான் எடுக்கும். நான் கையால் டைப் செய்ததை டெக்ஸ்டாக எடுத்துக்கொண்டதால்தான் அங்கே ஸ்பேஸ் தப்பியது. அதோடு, ஃபங்ஷன் சாதாரணமாக எழுதியவன் அதிகாரத்தில் ஓடுவதில்லை, கூப்பிட்டவன் அதிகாரத்தில் ஓடும். கூப்பிட்டது நான், சூப்பர்யூசர். ட்ரிம்மோடு 'என்னையும் சூப்பர்யூசர் ஆக்கு' என்று ஒரு வரி இருந்திருந்தால், அந்த மாலை என் கையாலேயே ஆக்கியிருப்பேன்.

2018-இல் சிவிஇ-2018-1058 என்று, பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் எண் போட்டு அறிவித்த ஓட்டைதான் இது. 2022-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15-ஆம் பதிப்பில், யார் வேண்டுமானாலும் பப்ளிக்கில் எதையும் உருவாக்கலாம் என்ற உரிமையை எடுத்துவிட்டார்கள். நாங்களும் 15-க்கு மாறிவிட்டோம், அதனால் நிம்மதியாக இருந்தேன். ஆனால் எங்களுடையது 9.6 என்ற பழைய பதிப்பிலிருந்து அப்கிரேட் செய்தது. அப்படி வரும் டேட்டாபேஸ் பழைய உரிமையையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடும். வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. நான் வேகம் கூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தேன்.

ராத்திரியோடு ராத்திரியாக அந்த ஃபங்ஷனைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு டேட்டாபேஸிலும் பப்ளிக்கில் யாரும் எதையும் உருவாக்கும் கிரியேட் உரிமையை ரிவோக் செய்தேன், அதாவது பறித்தேன். டெம்ப்ளேட்1 என்ற அச்சு டேட்டாபேஸையும் விடவில்லை, புது டேட்டாபேஸ்கள் அதிலிருந்துதான் பிறக்கும்.

காலையில் அந்தப் பையனிடமிருந்து போன். "சார், எதுவுமே கிரியேட் பண்ண விட மாட்டேங்குது."

"உன் பேர்ல தனி ஸ்கீமா போட்டுத் தரேன்ப்பா. அதுல என்ன வேணா எழுது. லோயர்னு மட்டும் பேர் வெக்காத."