ஸ்டாக் ட்ரேஸில் காணாமல்போன ஒரு ஃபங்ஷன்

லினக்ஸ் கெர்னலில் நினைவகக் கசிவைத் (ஒதுக்கியபின் விடுவிக்காமல் விட்ட நினைவகத்தை) தேடும் கருவியான கேமெம்லீக், எங்கள் டிரைவரில் ஒரு கசிவைக் காட்டியது. அது பதிந்திருந்த ஸ்டாக் ட்ரேஸின்படி (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை), சாதனத்தைத் திறக்கும் ஃபங்ஷனே நேராக ஓர் அசெம்பிளி ஃபங்ஷனை அழைத்திருந்தது. மூலநிரலில் அப்படி ஓர் அழைப்பே கிடையாது; இடையில் இன்னொரு ஃபங்ஷன் உண்டு.

கம்பைலர் அதை இன்லைன் செய்திருக்கும், அதாவது அழைத்த ஃபங்ஷனுக்குள்ளேயே கலந்திருக்கும் என்றார்கள் குழுவினர். ஆனால் ஃபங்ஷன் பெயர்கள் அடங்கிய சிம்பல் பட்டியலில் அது தனியாகவே இருந்தது. அசெம்பிளி அழைக்கும் சி ஃபங்ஷனில் ஸ்டாக்கை அச்சிடச் செய்து பார்த்தேன். காணாமல்போன பெயர் அங்கே கேள்விக்குறியோடு வந்தது! அந்த முகவரி ஸ்டாக்கில் கிடக்கிறது, ஃபிரேம்களை (ஒவ்வொரு அழைப்புக்கும் ஸ்டாக்கில் உள்ள பகுதி) இணைக்கும் சங்கிலி மட்டும் அதைத் தொடவில்லை என்று பொருள். அச்சில் வரும் இந்தத் தடயம், பதிந்து வைக்கும் ட்ரேஸில் வருவதே இல்லை.

காரணம் இதுதான். 64-பிட் எக்ஸ்86-இல் ஃபிரேம் பாயிண்டரோடு கட்டிய கெர்னலில், ஒவ்வொரு ஃபங்ஷனும் நுழைந்தவுடன் ஆர்பிபியின் (நடப்பு ஃபிரேமைச் சுட்டும் ரெஜிஸ்டர்) பழைய மதிப்பை ஸ்டாக்கில் வைத்துவிட்டுத் தன் ஃபிரேமை அமைக்கும். எங்கள் அசெம்பிளி அதைச் செய்யவில்லை. அது அழைத்த ஃபங்ஷன் சேமித்ததோ அசெம்பிளியை அழைத்தவருடைய ஃபிரேமை. அங்கிருக்கும் திரும்பு முகவரி அவருக்கும் மேலே இருப்பவருடையது. ஆக, தவறு செய்த அசெம்பிளி ட்ரேஸில் பத்திரமாக இருக்கிறது. அதை அழைத்த அப்பாவி மறைந்துபோகிறது. பாதியில் நின்றுவிடும் ட்ரேஸைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் பார்ப்பவருக்குச் சந்தேகமே எழாது.

இதைப் பிடிக்கவே, கெர்னலைக் கட்டும்போது ஆப்ஜெக்ட் கோப்புகளைச் சோதிக்கும் ஆப்ஜ்டூல் இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்புக்கு மட்டும் மேக்ஃபைலில் சோதனை விலக்கப்பட்டிருந்தது. விலக்கை நீக்கியதும் எச்சரிக்கை வந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் ஃபிரேம் மேக்ரோக்களைச் சேர்த்தேன், ட்ரேஸ் முழுமையானது.

ஃபிரேம் அமைவதற்கு முன்பே இன்டரப்ட் குறுக்கிட்டால் இதே இழப்பு எந்த ஃபங்ஷனிலும் நேரும். அதற்கு மேக்ரோ உதவாது. 2017-இல் லினக்ஸ் 4.14-உடன் வந்த ஆர்க் (ORC) என்னும் ட்ரேஸ் எடுக்கும் முறையில், ஒவ்வொரு கட்டளை முகவரியிலும் திரும்பு முகவரி எங்கே என்பதை ஆப்ஜ்டூல் முன்கூட்டியே அட்டவணையாக்கிவிடுகிறது. கூடுதலாகச் செலவாகும் நினைவகம் சுமார் 2 முதல் 4 எம்பி. அதைக் கொடுக்கலாம் என்பதே என் கருத்து. எங்கள் கட்டமைப்பையும் அதற்கு மாற்றினோம்.

கசிவு, மறைந்திருந்த அந்த ஃபங்ஷனின் பிழைப் பாதையில்தான் இருந்தது. தோல்வியில் திரும்பும்போது விடுவிக்கும் அழைப்பு ஒன்று விடுபட்டிருந்தது.