ஒளிமிகு விண்மீன்கள்: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 12

இருட்டிய சிறிது நேரத்தில் தென்கிழக்கில் சிரியஸ் தெரிந்தது. ஓரியன் மண்டலத்தின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களை இணைத்து, அந்தக் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால் கண் தானாகவே அதில் போய் நிற்கும். இரவு வானின் விண்மீன்களுள் இதுவே மிகப் பிரகாசமானது; இதன் பொலிவெண், அதாவது கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தின் அளவு, -1.46. வெள்ளியும் வியாழனும் இதைவிடப் பளிச்சென்று தெரிந்தாலும், அவை கோள்கள் என்பதால் இந்த வரிசையில் சேரா.

இருகண்நோக்கியின் குவியத்தைச் சற்றே கலைத்துவிட்டுப் பார்த்தேன். சிறு வட்டாக விரிந்த அதன் ஒளியில் சிவப்பு, பச்சை, நீலம் என நிறங்கள் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருந்தன. சிரியஸ் வெண்ணீல விண்மீன்தான். அடிவானத்துக்கு அருகே அதன் ஒளி அடர்ந்த காற்றைக் கடந்து வருவதால், கொந்தளிக்கும் காற்றடுக்குகள் நிறங்களைப் பிரித்துச் சிதறடிக்கின்றன.

ஜனவரி 13

பொலிவெண்ணைப் பற்றி ஒரு குறிப்பு. எண் குறையக் குறைய ஒளி கூடும். 5 எண் வேறுபாடு என்பது சரியாக 100 மடங்கு ஒளி வேறுபாடு என்ற வரையறையை 1856இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். பின்னாளில் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, 1891இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றியவர் அவர்.

பிப்ரவரி 11

இன்று சிரியஸ் தெற்கில் உச்சத்தை நெருங்கியபோது, அதற்கு வெகு கீழே அகத்தியர் விண்மீனான கனோபஸும் தெளிவாகத் தெரிந்தது. பிரகாசத்தில் இரண்டாம் இடம் இதற்கு, பொலிவெண் -0.74. கண்ணுக்குச் சிரியஸ் இதைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஒளியுடன் தெரிகிறது. ஆனால் சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவிலும், அகத்தியர் சுமார் 310 ஒளியாண்டுத் தொலைவிலும் இருக்கின்றன என்பதை நினைவில் கொண்டு பார்த்தால், அந்த வரிசையே தலைகீழாகிவிடுகிறது. சிரியஸ் சூரியனைப் போல் 25 மடங்கு ஒளி உமிழ்கிறது. அகத்தியரோ பத்தாயிரம் மடங்குக்கும் மேல். சிரியஸ் இருக்கும் தொலைவில் அகத்தியர் இருந்திருந்தால், வெள்ளியைவிடப் பல மடங்கு ஒளியுடன் பகலிலேயே எளிதாகத் தெரிந்திருக்கும். முதலிடம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அருகாமைக்குக் கிடைத்த இடம் என்பதை, இந்த இரண்டையும் ஒரே பார்வையில் காணும் போதெல்லாம் வியப்போடு உணர்கிறேன்.

பிப்ரவரி 20

ஓரியனில் திருவாதிரையும் ரைஜெலும். முன்னது செம்மை, பின்னது நீலம் கலந்த வெண்மை. நிறத்துக்குக் காரணம் வெப்பநிலைதான். திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,500 கெல்வின், ரைஜெலுடையது சுமார் 12,000 கெல்வின். 2019 இறுதியில் மங்கத் தொடங்கிய திருவாதிரை, 2020 பிப்ரவரியில் பொலிவெண் 1.6 வரை இறங்கியது. விரைவில் வெடித்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அது தானே உமிழ்ந்த தூசுப் படலம் நம் பார்வையை மறைத்ததே முக்கியக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. இன்று பழைய பொலிவோடு இருக்கிறது.

ஏப்ரல் 18

கிழக்கில் சுவாதி. சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டினால் கிடைக்கும் இளஞ்செம்மஞ்சள் விண்மீன்; தொலைவு 37 ஒளியாண்டு, பொலிவெண் -0.05. விண்மீன்கள் நிலையானவை என்ற பழைய நம்பிக்கை இதனாலும் உடைந்தது. பண்டைய பதிவுகளோடு ஒப்பிட்டபோது சுவாதியும் சிரியஸும் இடம் பெயர்ந்திருப்பதை 1718இல் எட்மண்ட் ஹாலி கண்டறிந்தார்.

மே 9

நள்ளிரவை ஒட்டி, தெற்கே தாழ்வாக ஆல்பா சென்டாரி. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உண்மையில் இரண்டு விண்மீன்கள். சுமார் 80 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. இரண்டின் ஒளியும் சேர்ந்தால் பொலிவெண் -0.27, மூன்றாம் இடம். பிரித்துக் கணக்கிட்டால் அவற்றுள் பெரியதையும் சுவாதி முந்திவிடும். வானைக் கண்ணால் பார்ப்பவருக்குச் சேர்த்துக் கணக்கிடுவதே நியாயம் என்பது என் கருத்து.

வடகிழக்கில் அபிஜித் உயர்ந்துகொண்டிருந்தது, பொலிவெண் 0.03. சுவாதியோடு இதற்குள்ள மிகச் சிறிய வேறுபாட்டைக் கண்ணால் உணர முடிகிறதா என்பதை, இரண்டும் சம உயரத்தில் நிற்கும் ஜூன் இரவொன்றில் பார்க்க வேண்டும்.