பிடித்த வரி பக்கத்து கான்ட்ராக்டர் கணக்குக்குப் போன கதை

2025 மார்ச்சில் பாஸான ஒரு பில்லில் பிடித்த டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி), முழுசாக என் கணக்குக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த பொங்கலே வந்துவிட்டது. இப்போது எழுதும்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஊராட்சி ஒன்றிய வேலைகள் எடுத்துச் செய்யும் சின்ன கான்ட்ராக்டர்களுக்காக எழுதுகிறேன். டெண்டர், ஒர்க் ஆர்டர், எம் புக் (வேலையை அளந்து எழுதும் புத்தகம்) எல்லாம் தெரிந்தவர்கள் நீங்கள், அதனால் அந்தப் பகுதிக்குள் போகவில்லை. வேலையும் நல்லபடியாகத்தான் முடிந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர். ஓவர்சியர் வந்தார், அளந்தார், எழுதினார். பில்லும் ஒரு குறையும் சொல்லாமல் மேலே போனது. அதற்குப் பிறகுதான் கூத்தே.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வேலை மதிப்பு 8,00,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி 1,44,000. மொத்த பில் 9,44,000. (உள்ளாட்சி வேலைகளுக்கு முன்பு 12% இருந்தது. 2022 ஜூலை 18 முதல் 18% ஆகிவிட்டது. பழைய எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு இன்னும் 12% என்று வாதாடும் செக்‌ஷன்கள் உண்டு, அது வேறு கதை.) இதில் வருமான வரி டிடிஎஸ் 9,440, ஜிஎஸ்டி டிடிஎஸ் 16,000, தொழிலாளர் நல நிதி 8,000, பிணைத்தொகை 40,000 என்று பிடித்தது போக பேங்க்கில் விழுந்தது 8,70,560.

அந்த 9,440-ஐக் கவனித்தீர்களா? தனிநபர் கான்ட்ராக்டருக்கு அப்போதைய வருமான வரிச் சட்டம் 194சி பிரிவில் 1%. பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு வேலை மதிப்புக்கு மட்டும்தான் பிடிக்க வேண்டும் என்று நேரடி வரிகள் வாரியம் 2017-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆக 8,000 பிடித்திருந்தால் போதும். இவர்கள் மொத்தத்துக்கும் பிடித்துவிட்டார்கள். கேட்டதற்கு, “எல்லாருக்கும் இப்படித்தான் சார் பிடிக்கிறோம்” என்றார் கிளார்க். கூடுதலாகப் பிடித்தது எப்படியும் நம் வரியில் கழிந்துவிடும், அதற்காகச் சண்டை போட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் இதில் வேறொரு வில்லங்கம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஜிஎஸ்டி டிடிஎஸ் எப்படி வர வேண்டும் என்றால், ஒப்பந்த மதிப்பு வரி இல்லாமல் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் அலுவலகம் 2% பிடித்து, அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-7 ரிட்டர்ன் (யாரிடம் எவ்வளவு பிடித்தது என்ற கணக்கு) போட வேண்டும். போட்டால் ஜிஎஸ்டி போர்ட்டலில் நம் கணக்கில் ‘டிடிஎஸ், டிசிஎஸ் கிரெடிட் ரிசீவ்டு’ பக்கத்தில் அந்தத் தொகை வந்து நிற்கும். நாம் அக்செப்ட் கொடுத்தால் கேஷ் லெட்ஜரில் (ஜிஎஸ்டி கட்ட எடுத்துக்கொள்ளும் ரொக்கக் கணக்கு) விழும். அக்செப்ட் கொடுத்தால் மட்டும் போதாது, அந்தப் படிவத்தை ஃபைல் செய்து ஓடிபி போட வேண்டும். டிக் அடித்துவிட்டு வந்து “பணம் ஏறவே இல்லையே” என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அந்தப் பக்கமே காலியாக இருந்தது. ஏப்ரல் 10 போனது, 15 போனது. நான் காலாண்டு ரிட்டர்ன்காரன், ஏப்ரல் 22 கடைசி நாள். சிமென்டு, கம்பிக்குக் கொடுத்த வரியைக் கழித்தது போக ரொக்கமாகக் கட்ட வேண்டியது ஐம்பதாயிரத்துச் சொச்சம். அதில் 16,000 கேஷ் லெட்ஜரில் இருந்திருக்க வேண்டிய பணம். தாமதித்தால் 18% வட்டி. அடுத்த வேலைக்குக் கொத்தனார், சித்தாள் வாரக்கூலிக்கு வைத்திருந்ததை எடுத்துக் கட்டினேன். என்னிடம் ஒருமுறை பிடித்தாயிற்று, அதையே நான் இன்னொருமுறை கட்டுகிறேன். யாரிடம் போய்ச் சொல்வது?

அலுவலகத்துக்குப் போனால் பதில் தயாராக இருந்தது. “பிடிச்சாச்சு, கட்டியாச்சு, சலான் இருக்கு சார்.” சலானையும் காட்டினார்கள். அந்த மாதம் பிடித்த எல்லாருடைய தொகையும் சேர்த்து ஒரே சலான். அதோடு, பிடித்தம் செய்ததாக லெட்டர்ஹெட்டில் ஒரு சான்றும் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தார்கள். என் ஆடிட்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதை ஃபிரேம் போட்டு வீட்ல மாட்டிக்குங்க, வேற எதுக்கும் ஆகாது” என்றார்.

சலான் என்பது பணம் கட்டியதற்குத்தான் சாட்சி. யார் பெயரில் என்பது ரிட்டர்னில்தான் இருக்கிறது. ஜிஎஸ்டிக்கு ஜிஎஸ்டிஆர்-7ஏ என்ற சான்று, அது போர்ட்டலில் தானாக உருவாகும். வருமான வரிக்கு அப்போது 16ஏ என்ற சான்று, அது வருமான வரித் துறையின் டிரேசஸ் தளத்திலிருந்து இறக்கிக் கொடுக்க வேண்டியது. இந்த இரண்டும் இல்லாமல் எத்தனை சீல் குத்திய கடிதம் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கினால் “உங்களுக்குத்தான் சர்டிஃபிகேட் கொடுத்தாச்சே” என்று அதையே திருப்பிச் சொல்வார்கள்.

அடுத்த தடவை, “ஜிஎஸ்டி நம்பர்ல ஏதாவது ஒரு எழுத்து மாறி விழுந்திருக்கும்” என்றார் கிளார்க். அங்கேதான் ஆடிட்டர் சொல்லிக் கொடுத்தது உதவியது. ஜிஎஸ்டி எண் 15 இடம் கொண்டது. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33. அடுத்த பத்தும் நம் பான் (வருமான வரி) எண். கடைசி இடம் முன்னால் இருக்கும் பதினாலையும் வைத்துக் கணக்கிட்டு வருவது. நடுவில் ஒரு எழுத்து மாறினால் கடைசி எழுத்து ஒத்துப்போகாது, போர்ட்டலே அந்த எண்ணை ஏற்காது. ரிட்டர்ன் ஏறிவிட்டது என்றால், அது தப்பான எண் இல்லை, வேறு ஒருவருடைய சரியான எண்.

இதைச் சொன்னதும்தான் அவர் எக்ஸெல் ஷீட்டைத் திறந்தார். திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன், மனசில்லாமல் திருப்பினார். என் பெயர் இருந்தது. வேலையின் பெயர் இருந்தது. தொகையும் சரி. ஜிஎஸ்டி எண் மட்டும் மேல் வரிசையில் இருந்தவருடையது. மேலே இருந்ததைக் காப்பி செய்து கீழே ஒட்டியிருக்கிறார்கள், மாற்ற மறந்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டத்தில் பான் எண். அதுவும் அவருடையதே. ஆக வருமான வரி டிடிஎஸ்ஸும் அவர் பெயருக்குத்தான் போயிருக்கிறது.

மேல் வரிசை ஆள் எனக்குத் தெரிந்தவர், பக்கத்து ஊரில் சிமென்டுச் சாலை போடுகிறவர். போன் போட்டேன்.

“அண்ணே, உங்க ஜிஎஸ்டி போர்ட்டல்ல பதினாறாயிரம் கூடுதலா வந்திருக்கா பாருங்க.”

“வந்திருக்கு தம்பி. எங்க ஆடிட்டர் ஏதோ தெரியாத தொகையா இருக்கு, தொடாதீங்கன்னாரு. உன்னுதா அது?”

நல்ல வேளை, அவர் அக்செப்ட் கொடுக்கவில்லை. ரிஜெக்ட் கொடுத்தால் தனக்கு நோட்டீஸ் வருமா என்று பயந்தார். எதுவும் வராது, ரிஜெக்ட் கொடுத்த பதிவு வரி பிடித்த அலுவலகத்தின் பக்கம் திரும்பப் போகும், அவர்கள் அடுத்த ஜிஎஸ்டிஆர்-7-இல் திருத்தப் பட்டியலில் சரியான எண்ணைப் போட்டு ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் என்று இரண்டு ஆடிட்டர்களையும் பேச வைத்து ஒருவழியாக ரிஜெக்ட் ஆனது. அந்த மனுஷன் கொஞ்சம் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் என் பாடு திண்டாட்டம்தான்.

இனி அலுவலகம் ரிட்டர்னில் ஒரு பதிவைத் திருத்தினால் போதும். அதற்குத்தான் மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்? ரிட்டர்ன் ஃபைல் செய்ய ஓடிபி வர வேண்டும். ஓடிபி போவது பழைய பி.டி.ஓ.வின் (வட்டார வளர்ச்சி அலுவலர்) செல்போனுக்கு. அவர் மாற்றலாகி வேறு மாவட்டத்தில் இருக்கிறார். புதியவர் வந்து போர்ட்டலில் கையெழுத்து அதிகாரியை மாற்ற வேண்டும், அதற்கு ஒரு ஃபைல் போட வேண்டும், அந்த ஃபைலைப் போட வேண்டிய கிளார்க் தேர்தல் பட்டியல் வேலைக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டருக்கு மனு கொடுத்தேன். மனு எண் போட்டுக் கொடுத்தார்கள், மனு நேராக அதே ஒன்றிய அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்தது. பலன் இல்லாமலும் இல்லை. மனுவுக்குப் பதில் எழுத வேண்டும் என்பதாலேயே அந்த ஃபைல் நகர்ந்தது.

வாயால் கேட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் வீண். தபால் செக்‌ஷனில் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிய பிறகுதான் மரியாதையே மாறியது. மனுவில் புலம்பாதீர்கள். பில் தேதி, தொகை, தவறான எண், சரியான எண், எந்த மாத ரிட்டர்ன், எந்தப் பட்டியலில் திருத்த வேண்டும். அரைப் பக்கம் போதும். அதை அப்படியே அவர்களுடைய டாக்ஸ் கன்சல்டன்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அவருக்கும் வேலை சுலபம்.

ஒருநாள் காலை போர்ட்டலைத் திறந்தால் 16,000 நிற்கிறது. மத்திய பங்கு சிஜிஎஸ்டி 8,000, மாநிலப் பங்கு எஸ்ஜிஎஸ்டி 8,000. அக்செப்ட், ஃபைல், ஓடிபி, அடுத்த நிமிடம் கேஷ் லெட்ஜரில். டீக்கடையில் உட்கார்ந்து போனிலேயே முடித்தேன். அந்த டீயின் ருசியே தனி.

வருமான வரிப் பக்கம் அவ்வளவு சீக்கிரம் தீரவில்லை. ஒரே எக்ஸெல்லிலிருந்து போன தப்புதான் என்றாலும் 26க்யூ (வருமான வரி டிடிஎஸ்ஸுக்கு அலுவலகம் போடும் காலாண்டு ரிட்டர்ன்) போடுகிறவர் வேறு ஆள். நாலாம் காலாண்டு ரிட்டர்னுக்கு மே 31 கடைசி, 16ஏ ஜூன் 15-க்குள் கைக்கு வர வேண்டும். திருத்த ரிட்டர்ன் போடச் சொன்னால், பழைய ரிட்டர்னின் டோக்கன் நம்பர் வேண்டும், சலான் விவரம் வேண்டும், டிரேசஸ் பாஸ்வேர்டு ரிட்டயர் ஆனவரிடம் இருக்கிறது என்று மறுபடியும் அதே பல்லவி. அதற்குள் ஐடிஆர் (என் வருமான வரி ரிட்டர்ன்) கடைசி நாள் நெருங்கிவிட்டது. அந்த வருஷம் செப்டம்பர் வரை நீட்டித்தும் பயனில்லை.

இரண்டு வழி இருந்தது. 9,440-ஐ விட்டுவிட்டு ஃபைல் செய்யலாம், அல்லது 26ஏஎஸ்ஸில் (நம் பான் எண்ணில் பிடித்த வரியின் பட்டியல்) இல்லாவிட்டாலும் கிளெய்ம் செய்யலாம். கிளெய்ம் செய்வோம் என்றார் ஆடிட்டர். எதிர்பார்த்தபடியே கிரெடிட் இல்லை என்று 143(1) அறிவிப்பில் வரி கட்டச் சொல்லி டிமாண்ட் வந்தது. பயப்படாதீர்கள். போர்ட்டலில் டிமாண்டை ஏற்கவில்லை என்று பதில் போட இடம் இருக்கிறது. வரி பிடிக்கப்பட்டுவிட்டால் அதே வரியை நம்மிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 205-ஆம் பிரிவு சொல்கிறது. பிடித்ததற்கு ஆதாரமாக பில் நகல், பிடித்த விவரம், பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் வைத்திருந்தேன். (இங்கே சொல்லும் வருமான வரிப் பிரிவு, படிவ எண்கள் எல்லாம் 1961 சட்டத்தின் காலத்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம், எண்கள் மாறியிருக்கின்றன. உங்கள் பில் எந்த வருஷத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) பிறகு திருத்த ரிட்டர்ன் ஏறி 26ஏஎஸ்ஸில் என் பெயர் வந்ததும், ரெக்டிஃபிகேஷனில் (திருத்தக் கோரிக்கை) ‘ரீபிராசஸ்’ கொடுத்தோம். டிமாண்ட் பூஜ்யம் ஆனது.

வில்லங்கம் ஒன்று சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். மொத்த பில்லுக்கும் 1% பிடித்ததால் 26ஏஎஸ்ஸில் என் வரவு 9,44,000 என்று தெரிகிறது. ஜிஎஸ்டி ரிட்டர்னில் விற்றுமுதல் 8,00,000. பேங்க்கிலோ 8,70,560. மூன்றும் மூன்று விதம். 44ஏடி பிரிவில் (விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டும் வழி) 6%, 8% என்று லாபம் காட்டிவிட்டுப் போகிறவர்கள் பலர் பேங்க்கில் விழுந்ததையே விற்றுமுதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தப்பு. பிணைத்தொகையும் பிடித்தங்களும் உங்கள் வரவில் சேர்ந்தவைதான். வேலைக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போடுங்கள்: வேலை மதிப்பு, ஜிஎஸ்டி, ஒவ்வொரு பிடித்தமும், நிகரம், கடைசியாக ‘கிரெடிட் வந்த தேதி’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் காலியாக இருக்கும்வரை அந்த வேலை முடிந்ததாக நான் கணக்கு வைப்பதில்லை.

அதே மாதிரி, மார்ச்சில் நீங்கள் வரவு காட்டிய பில்லுக்கு அலுவலகம் அடுத்த நிதியாண்டில் பணம் கொடுத்து வரி பிடித்தால், கிரெடிட் அடுத்த வருஷ 26ஏஎஸ்ஸில்தான் வரும். வரவு ஒரு வருஷம், வரி ஒரு வருஷம். இதற்கென்றே 2023 அக்டோபரிலிருந்து படிவம் 71 இருந்தது, வரி பிடித்த நிதியாண்டு முடிந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பழைய பில்களில் இப்படி விட்டுப்போனது இருந்தால் உடனே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இப்போதெல்லாம் பில்லோடு ஒரு தாள் இணைத்துவிடுகிறேன். பெயர், பான், ஜிஎஸ்டி எண் மூன்றும் பெரிய எழுத்தில். பில் பாஸாகும் அன்று செக்‌ஷனுக்குப் போய், ஜிஎஸ்டி போர்ட்டலில் எண்ணைத் தேடிப் பார்த்து என் பெயர்தான் வருகிறதா என்று கிளார்க்கையே வாசிக்கச் சொல்கிறேன். போன மாதம் ஒரு கழிப்பறை வேலை பில்லுக்கு இப்படிச் செய்தபோது, “உங்களுக்கு எங்க மேல நம்பிக்கையே இல்ல சார்” என்றார் புதிய கிளார்க். இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே வாசித்தார். சுற்றுச்சுவர் பிணைத்தொகை 40,000 மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.