செங்கல்லில் எழுதிய பெயர்

கலப்புத் தற்காப்புக் கலை (MMA) வீரர் ஜார்ஜ் செயின்ட் பியர் என்றதும் பலருக்கும் அவருடைய பட்டங்கள்தான் நினைவுக்கு வரும். எனக்கு 2007 ஏப்ரலில் மேட் செர்ராவிடம் அவர் தோற்ற அந்த முதல் ரவுண்டு. காதுக்குப் பின்னால் இறங்கியது ஒரு வலது கைக் குத்து. கால் தள்ளாடியது. அப்புறம் அவரால் நிலைகொள்ளவே முடியவில்லை, தரையில் குத்து வாங்கிக்கொண்டே கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

என் முதல் அமெச்சூர் போட்டியில் நானும் கழுத்துப் பிடியில் சிக்கித் தட்டியவன். மறுநாள் கைக்கட்டுத் துணியைச் சுருட்டும்போது விரல் நடுங்கியது. வலியை விட, தட்டினேனே என்ற வெட்கம்தான் அதிகம். ஒரு வாரம் பயிற்சிக்கே போகவில்லை.

அப்போதுதான் செயின்ட் பியர் சொன்ன ஒரு விஷயத்தைப் படித்தேன். செர்ராவின் பெயரை ஒரு செங்கல்லில் எழுதி, அதைச் சுமந்து, தயாரானபோது ஆற்றில் எறிந்தாராம். அது அவருடைய மனப் பயிற்சியாளர் தந்த யோசனை. 2008 ஏப்ரலில், மான்ட்ரியலில், இரண்டாவது ரவுண்டில் செர்ராவை முழங்காலால் இடித்து வென்றார். அதற்குப் பிறகு அவர் தோற்கவே இல்லை. நான்கு ஆண்டு ஓய்வுக்குப் பின் 2017-ல் திரும்பி வந்து, எடைப் பிரிவு மாறி, மைக்கேல் பிஸ்பிங்கையும் கழுத்தை நெரித்து வீழ்த்தினார்.

சரி, நாளை காலை ஆறு மணிக்கு எனக்கு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. கழுத்துப் பிடியிலிருந்து தப்புவதைத்தான் முதலில் பழகப் போகிறேன்.