எஸ்.டபிள்யூ.19-இல் ஒரு வரிசை அட்டை

லண்டனில் நாங்கள் குடியிருப்பது காலியர்ஸ் வுட்டில். அஞ்சல் குறியீடு எஸ்.டபிள்யூ.19 என்று தொடங்கும். விம்பிள்டன் டென்னிஸ் நடக்கும் இடத்துக்கும் அதேதான். இதைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, திருச்சியில் இருக்கும் என் மாமனார். பருப்புப் பொடி பார்சல் அனுப்ப முகவரி கேட்டவர் போனிலேயே, "ஏம்மா, இது விம்பிள்டன் அட்ரஸ்ல்ல!" என்றார். அன்று மாலைக்குள் சொந்தபந்தம் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. மைதானத்துக்கு எதிர்வீட்டில் நாங்கள் இருப்பதாகத்தான் சின்ன மாமியார் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து அங்கே நடந்து போனால் ஒரு மணி நேரம் ஆகும். வாடகையில் இருக்கும் தூரம் அதைவிட அதிகம்.

மேட்டில் இருப்பது விம்பிள்டன் வில்லேஜ். நாய்க்குட்டிக்குத் தனியாகக் கேக் விற்கும் கடை, குதிரையில் போகிறவர்கள், வாசலில் ரோஜாச் செடி வைத்த வீடுகள். பள்ளத்தில் நாங்கள். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் டூட்டிங் போவோம். இரண்டுக்கும் நடுவே, எஃப்ரா ரோட்டில், 1981-லிருந்து கணபதி கோயில் இருக்கிறது. எண்பதுகளில் ஈழத்திலிருந்து வந்தவர்கள் இந்தத் தென்லண்டன் பகுதியில் ஊன்றிக்கொண்டதால்தான் எங்களைப் போல் பின்னால் வந்தவர்களுக்கு இட்லி மாவு கிடைக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவும் யாழ்ப்பாணம்தான். எந்தக் கவுன்சில் படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

நாங்கள் வந்தது 2022 இலையுதிர் காலத்தில். முதல் ஆறேழு மாதங்கள் முழுக்கச் சான்று காட்டுவதிலேயே போயின. வீடு வேண்டும் என்றால் வங்கிக் கணக்கைக் காட்டு என்றார்கள். வங்கியில் போய்க் கேட்டால் முகவரிக்கு ஆதாரம் கொண்டு வா என்றார்கள். முகவரி வேண்டும் என்றால் வீடு வேண்டும். வீட்டுத் தரகர் ஒருவர் எங்கள் கடன் வரலாற்றைக் கேட்டார். நாங்கள் யாரிடமும் கடனே வாங்கியதில்லை என்று என் கணவர் பெருமையாகச் சொன்னார். அதனால்தான் உங்களுக்கு வீடு தர முடியாது என்று அவர் விளக்கினார். கடைசியில் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டி உள்ளே வந்தோம். என் வேலைக்கு மட்டும் முந்தைய இரண்டு அலுவலகங்களிலிருந்தும் நற்சான்று வாங்க வேண்டியிருந்தது. அதில் ஒன்றான மதுரை அலுவலகத்தின் மேலாளர் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்தது தனிக்கதை.

ஜூன் பிறந்ததும் ஊர் நிறம் மாறியது. கடைக் கண்ணாடிகளில் ஊதாவும் பச்சையும். இந்த இரண்டும் விம்பிள்டன் போட்டியை நடத்தும் கிளப்பின் நிறங்கள். எஸ்கலேட்டர் பக்கத்தில் டென்னிஸ் பந்து படங்கள். சவுத் விம்பிள்டன் ஸ்டேஷனில் இறங்கி, தொப்பியும் கையுமாக வழி கேட்கிறவர்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் இருப்பது சவுத்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷன், அது வேறு லைன். பெயரைப் பார்த்து இங்கே இறங்கிவிடுகிறார்கள். பாவம், மைதானத்துப் பக்கம் போகும் பஸ்ஸைக் காட்டி அனுப்புவேன். அந்த இரண்டு வாரமும் அந்த பஸ் சொன்ன நேரத்துக்கு வராது.

டிக்கெட் எப்படி வாங்குவது என்று அப்போதுதான் பார்த்தேன். பொதுமக்களுக்கான குலுக்கல் 1924-லிருந்து நடக்கிறது, ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே பெயர் கொடுத்திருக்க வேண்டும். அப்புறம் டிபென்ச்சர் என்று ஒன்று. ஐந்து ஆண்டுகளுக்கு, முக்கிய ஆட்டங்கள் நடக்கும் சென்டர் கோர்ட்டில் ஒரு நாற்காலி உங்களுடையது. இப்போதைய, அதாவது 2026 முதல் 2030 வரைக்கான விலை 1,16,000 பவுண்டு. சர்ச் ரோட்டில் இப்போதுள்ள மைதானத்தை உருவாக்கப் பணம் திரட்ட 1920-இல் தொடங்கிய ஏற்பாடு அது. கிளப் 1922-இல் இங்கே வந்தது. அதற்கு முன் வார்ப்பிள் ரோட்டில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. 1877-இல் முதல் போட்டி அங்கேதான் நடந்தது. இறுதியாட்டத்தைப் பார்க்க சுமார் 200 பேர், ஆளுக்கு ஒரு ஷில்லிங்.

ஷில்லிங்குக்கும் டிபென்ச்சருக்கும் நடுவில் எங்களுக்கு இடமில்லை என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காதான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, ஏன் உதெல்லாம் பாக்கிறியள்? லைனில போய் நில்லுங்கோ. முதல் வந்தவை முதல் உள்ள போவினம். ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்" என்றார். ஒண்டும் கேட்கமாட்டார்கள் என்பது போதுமானதாக இருந்தது. 2023 ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டேன்.

வரிசை நிற்பது விம்பிள்டன் பார்க்கின் புல்வெளியில். முன்னிரவே வந்து டென்ட் போட்டவர்கள் முன்னால். ஒரு டென்ட்டுக்கு இரண்டு பேர்தான், அதற்கு மேல் அனுமதி இல்லை. வரிசையின் வால் எங்கே என்று தெரிய, ஸ்டூவர்டு எனப்படும் ஒழுங்கு பார்க்கும் பணியாளர் ஒருவர் உயரமான கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விடியற்காலை நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கொடி கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லை. பனியில் செருப்பு நனைந்து, சரி, எந்தக் கோடியில்தான் முடிகிறது பார்ப்போம் என்று நடந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் போல் இருந்த ஒருவர், தலையில் வைக்கோல் தொப்பி, காலை வணக்கம் சொல்லி ஒரு அட்டையை நீட்டினார். அதில் தேதியும் ஓர் எண்ணும். நான்காயிரத்துச் சொச்சம். பாஸ்போர்ட்டை எடுக்கப் பைக்குள் கை விட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எனக்குப் பின்னால் வந்தவரிடம் போய்விட்டார்.

அந்த அட்டை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாதது, நண்பருக்காக இடம் பிடித்து வைக்கவும் கூடாது. கழிப்பறைக்கோ டீக்கோ போகலாம், ஆனால் அரை மணிக்குமேல் ஆளைக் காணோம் என்றால் இடம் போச்சு. இதற்கென்று கையேடே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் துண்டைப் போட்டு பஸ் சீட் பிடித்துப் பழகியவளுக்கு அதைப் படிக்கச் சிரிப்பு வந்தது. ஆனால் மீறுகிறவர்களை நான் பார்க்கவில்லை. ஸ்டூவர்டுகள் அதட்டுவதும் இல்லை. வரிசையில் இருக்கிறவர்களே ஒருவரையொருவர் கண்ணால் காவல் காக்கிறார்கள். எனக்கு முன்னால் லீட்ஸிலிருந்து வந்த தாயும் மகளும். பின்னால் நைஜீரியாவிலிருந்து படிக்க வந்த பையன். ஒரு மணி நேரத்தில் ஒருவர் பையை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டோம். இந்த நாட்டில் அறிமுகம் இல்லாதவர்களோடு நான் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்றுகொண்டிருக்க ஒரு காரணம் இருந்தால்தான் இவர்கள் வாயைத் திறப்பார்கள் போலிருக்கிறது.

வரிசைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சென்டர் கோர்ட்டில் கிட்டத்தட்ட 15,000 இருக்கைகள். வரிசையில் வருகிறவர்களுக்கு அதில் ஒதுக்குவது சுமார் 500. முதலாம், இரண்டாம் கோர்ட்டுகளுக்கும் அப்படியே. அந்த முன்வரிசை ஆட்களுக்கு விடியலிலேயே கையில் பட்டை கட்டிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு கிரவுண்ட் பாஸ், முப்பது பவுண்டு அளவில். உள்ளே போய் வெளிக் கோர்ட்டுகளில் எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். லட்சம் பவுண்டு நாற்காலிக்காரர் எங்கேயும் நிற்பதில்லை. ஆகவே இது சமத்துவம் என்று நான் புல்லரித்துப் போக மாட்டேன். ஆனால் எங்களுக்கு எந்த வரலாறும் இல்லாத ஓர் ஆண்டில், சீக்கிரம் எழுந்தவள் என்ற ஒரே தகுதியில் உள்ளே விட்ட இடம் அது ஒன்றுதான்.

சாப்பாடு பற்றித்தான் எனக்கு நம்பிக்கையே இல்லை. வாசலில் புளியோதரையைத் தூக்கிப் போடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. பை சின்னதாக இருந்தால் போதும், வீட்டுச் சாப்பாடு கொண்டு போகலாம், ஆளுக்கு ஒரு ஒயின் பாட்டில்கூட அனுமதி. சோதனை செய்த பெண் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, நல்ல வாசனை என்று சொல்லி மூடிக் கொடுத்தார். ஸ்ட்ராபெரியும் கிரீமும் வாங்கினேன். அப்போது இரண்டரை பவுண்டு. 2010-லிருந்து ஏறாமல் இருந்த விலை 2025-இல்தான் இருபது பென்ஸ் கூடியது. லண்டனில் எதுவும் இப்படிப் பதினைந்து வருடம் ஒரே விலையில் நின்று நான் கேள்விப்படவில்லை. பழம் கெண்ட் மாவட்டத்துத் தோட்டத்திலிருந்து வருகிறது. கிரீம் எனக்குப் பிடிக்கவில்லை, கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாம்.

வெளிக் கோர்ட்டு என்றால் மட்டமான இடம் என்று நினைக்க வேண்டாம். கோட்டுக்கும் நமக்கும் நடுவே ஒரு தாழ்வான தடுப்பும் ஒரு வரிசை ஆட்களும்தான். நான் நின்ற இடத்தில், தரவரிசையில் எண்பதுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவர் சர்வ் போட வந்தார். டிவியில் பந்து மிதந்து போவதுபோல் இருக்கும். பக்கத்தில் நின்றால் அது காதோரம் கிழித்துக்கொண்டு போகிறது. ஷூ புல்லில் வழுக்கும்போது ஒரு சின்னக் கிறீச்சொலி. முதல் வாரம் புல் ஈரமும் செழிப்புமாக இருப்பதால் வழுக்கல் அதிகம். அவர் ஒரு தடவை கால் அகன்று விழுந்து, எழுந்து, முழங்காலில் ஒட்டிய பச்சையைத் தட்டிவிட்டுக்கொண்டார். உடை முழுக்க வெள்ளை என்பது இங்கே விதி என்பதால் அந்தக் கறை கடைசிவரை பளிச்சென்று தெரிந்தது. கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனில் மட்டும் புல் தேய்ந்து மண் தெரியத் தொடங்கியிருந்தது. நெட்டுக்குப் பக்கத்தில் காலே பட்ட மாதிரி இல்லை.

இதைப் படம் எடுத்து மாமனாருக்கு அனுப்பினேன். உடனே வீடியோ காலில் வந்துவிட்டார். "பாரு, நெட் பக்கம் யாரும் போறதே இல்ல. எங்க காலத்துல நடுவுல பாதையே விழுந்து கிடக்கும்" என்றார். அவர் சொல்வது சரிதான். 2001-லிருந்து இங்கே முழுக்க ரை என்ற வகைப் புல் மட்டும் போடுகிறார்கள். அதற்கு முன் வேறொரு மெல்லிய புல்லும் கலந்திருந்தது. இப்போது தரை கெட்டி, பந்து நன்றாக எழும்பும், அதனால் பின்னால் நின்றே ஆடுகிறார்கள். எட்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள் என்று நான் சொன்னதும் அவர் ஸ்கேலை எடுத்து மாமியாருக்கு அளந்து காட்டினார்.

அப்புறம் அவருடைய கச்சேரி ஆரம்பமானது. ராமநாதன் கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். 1960-இலும் 1961-இலும் இங்கே அரையிறுதி வரை வந்தார். முதல் தடவை நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த தடவை ராட் லேவரிடமும் தோற்றார், அந்தந்த ஆண்டு கோப்பையை வாங்கியவர்களும் அவர்களே. லேவரைச் சந்திக்குமுன் காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்டில் வீழ்த்தியிருந்தார். இது மாமனார் தன் அப்பா வாயால் கேட்ட கதை. அவரே பேப்பரில் படித்து நொந்தது விஜய் அமிர்தராஜ் விஷயம். 1973 காலிறுதியில் யான் கோடெஸிடம் ஐந்து செட் ஆடித் தோற்றார், கோடெஸ்தான் அந்த வருடச் சாம்பியன். 1979-இல் போர்க்கை எதிர்த்து இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்து கோட்டைவிட்டார். "அந்த நாலாவது செட் மட்டும்..." என்று மாமனார் இழுத்தார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அந்த நாலாவது செட்டை அவர் விடவில்லை. என் பக்கத்தில் இருந்த ஆங்கிலேயப் பெரியவர் அமிர்தராஜ் பெயரைக் கேட்டதும் திரும்பி, என் போனுக்குள் எட்டிப் பார்த்துக் கையசைத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மணிக்கு மழை வந்தது. ஓடிவந்து கோர்ட்டை மூடினார்கள். பெரிய கோர்ட்டுகள் இரண்டுக்கு மட்டும்தான் கூரை, சென்டர் கோர்ட்டுக்கு 2009-இல், முதலாம் கோர்ட்டுக்கு 2019-இல். எங்களுக்குக் குடை. சென்டர் கோர்ட் ஆட்கள் சிலர் சீக்கிரமே கிளம்பிப் போக, அவர்களுடைய டிக்கெட்டுகளை மறுபடி விற்க இன்னொரு வரிசை. அந்தப் பணம் தர்மத்துக்குப் போகிறது. அந்த வரிசையிலும் சேர்ந்தேன். எனக்கு முன்னால் தீர்ந்துபோனது.

போன ஆண்டு மறுபடி போனபோது கோட்டு நடுவர்கள் இல்லை. 2025-லிருந்து எல்லாம் கேமராவும் கணினியும். அவுட் என்று ஒரு பதிவுசெய்த குரல் கேட்கிறது. சரியாகத்தான் சொல்லும், ஆனால் வெளிக் கோர்ட்டில் அது யாரோ ஸ்பீக்கரை மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. சர்ச் ரோட்டுக்கு அந்தப் பக்கம், விம்பிள்டன் பார்க் பூங்காவை ஒட்டி உள்ள பழைய கோல்ஃப் மைதானத்தில் 38 புது கோர்ட்டுகளும் 8,000 பேர் அமரும் ஓர் அரங்கமும் கட்டப்போகிறார்கள் என்பது இங்கே நீண்ட சண்டை. பூங்காவைக் காக்க வேண்டும் என்று வழக்குப் போட்ட உள்ளூர்க்காரர்களின் மனுவை 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. வரிசையில் நின்றவள் என்ற முறையில் எனக்கு ஆசை, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூங்காவுக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறவள் என்ற முறையில் கோபம். இரண்டும் இருக்கட்டும்.

இந்தக் கோடையில் மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். அவருக்கு எழுபத்து நாலு வயது, டென்ட்டில் படுக்க வைக்க முடியாது. அக்காவின் யோசனை இரண்டாவது வாரம். பெரிய பெயர்கள் எல்லாம் கூரையுள்ள கோர்ட்டுகளுக்குள் போய்விடுவார்கள், வரிசை சிறுத்துவிடும், வெளியே ஜூனியர் ஆட்டங்கள். ஜூனியர் என்றதும் மாமனாருக்கு வருத்தம் இல்லை. 1954-இல் கிருஷ்ணனும் 1979-இல் அவர் மகன் ரமேஷும் ஜெயித்தது அந்தப் பிரிவைத்தான். ஐந்து மணிக்கு மேல் டிக்கெட் விலை குறையும், அப்போது போகலாமா என்று என் கணவர் கேட்டார். மாமனார் பதில் சொல்லவே இல்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக முடிவாகியிருக்கிறது.