பாலத்தில் ஆறு மாதக் குடித்தனம்

நேற்று எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு பத்தரை மணிக்கு. பழி என்மேல் இல்லை, லாஜு புராத்தாமேல். மலாயில் சராசரி வேகத்துக்கு அதுதான் பெயர்.

மகளுக்குப் படிவம் இரண்டு, அதாவது எட்டாம் வகுப்புக் கணிதம். ஒரு கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே வழியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன? இவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "50" என்றார். அவள் "48" என்றாள். செய்தித்தாள் மடிந்தது. பெருநிலத்துப் பிறை ஊரிலிருந்து பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசுக்கு வேலைக்காக 22 வருடமாகப் பினாங்குப் பாலம் ஏறி இறங்குகிறவரிடம் போய் வேகத்தைப் பற்றிப் பேசலாமா?

"புத்தகத்தை மூடு. நம் பாலத்தை எடுத்துக்கொள். காலை நெரிசலில் 20. மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது 80. கூட்டு, இரண்டால் வகு. ஐம்பது!"

அவள் அசையவில்லை. பாலம் 13.5 கிலோமீட்டர். போக நாற்பதரை நிமிடம், வரப் பத்து நிமிடம். மொத்தம் 27 கிலோமீட்டரைக் கடக்க ஐம்பதரை நிமிடம். ஆக, 32.

"முப்பத்திரண்டா? நான் என்ன சைக்கிளிலா போகிறேன்?"

உடனே என் கடலை டப்பா மேசைக்கு வந்துவிட்டது. நிமிடத்துக்கு ஒரு கடலை. இந்தப் பக்கம் நாற்பது, அந்தப் பக்கம் பத்து. "தூரம்தான் பாதிப் பாதி, அப்பா. நேரம் பாதிப் பாதி இல்லை. நாற்பது கடலை ஊர்ந்திருக்கிறீர்கள், பத்தே கடலை பறந்திருக்கிறீர்கள்." இவர் பெரிய குவியலிலிருந்து நாலைந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இப்போது சராசரி ஏறியிருக்குமே" என்றார்.

அடுத்த வாதம் தயார். "சரி, வரும்போது இன்னும் கொஞ்சம் அழுத்தினால் 40 ஆகிவிடும்." ஆகாதாம். சராசரி 40 வேண்டுமென்றால் போய்வர மொத்தமே நாற்பதரை நிமிடம்தான். அது முழுவதும் போகும்போதே தீர்ந்துவிட்டது. திரும்பி வர ஒரு நொடிகூட மிச்சமில்லை. "அனுமாருக்கே கடலைத் தாண்ட நேரம் பிடித்ததடா" என்று ஊஞ்சலிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். இத்தனைக்கும் அவருக்குக் காது கேட்காது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். நான் சாம்பாரை மூன்றாவது முறையாகச் சூடாக்கினேன்.

என் பங்குக்கு ஒன்று சொன்னேன். இரண்டால் வகுக்க ஆசையாக இருந்தால் பாலத்து டோல் கட்டணத்தை வகுக்கலாம். தீவுக்குப் போகும்போது மட்டும்தான் கட்டுகிறோம், திரும்பும்போது கிடையாது. அந்தச் சராசரி தப்பாது. யாரும் சிரிக்கவில்லை.

சாப்பிட்டு முடித்து எல்லாரும் படுத்த பிறகும் கூடத்தில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தால், ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். நாளைக்கு 50 நிமிடம், வருடத்துக்கு 250 நாள், 22 வருடம். அடித்து அடித்து எழுதிக் கடைசியில் 191 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம்.

"191 நாள். இரவு பகலாக ஆறு மாதத்துக்கு மேல் பாலத்திலேயே குடியிருந்திருக்கிறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வாடகை வேறு கட்டியிருக்கிறேன்" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மிச்சக் கடலையை அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

இன்று மாலை வந்தவர் காலுறையைக்கூடக் கழற்றவில்லை. மகளைக் கூப்பிட்டார். "போகும்போது 15. வரும்போது 60. ம், சொல் பார்ப்போம்."

"24."

"நானும் அதைத்தான் போட்டேன்" என்றார்.