பழைய கேஸ் கிரில்லுக்கு மடக்கு மேசை பூட்டுவது

நுவரெலியா, அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்து விடுதிகளின் பின்முற்றத்தில் பழைய கேஸ் கிரில் ஒன்று நின்றால், அதன் பக்கமேசை அநேகமாக இருக்காது. பிளாஸ்டிக் மேசையாக இருந்தால் வெயிலில் வெடித்திருக்கும், மரப்பலகையாக இருந்தால் மழையில் உக்கியிருக்கும். பேர்னர் நன்றாக எரியும். ஆனால் இடுக்கி வைக்க இடமில்லை, பச்சைக் கோழித் தட்டு ஒரு கதிரையில், வெந்த இறைச்சி இன்னொரு கதிரையில். பச்சையும் வெந்ததும் ஒன்றோடொன்று சேராமல் இருப்பதற்காகவாவது கிரில்லின் பக்கத்தில் ஒரு மேசை வேண்டும். முற்றம் சின்னது, மழைக்கு உள்ளே தள்ளவும் வேண்டும் என்றால் அது மடக்கு மேசையாக இருப்பதுதான் சரி.

மேசைத் தகட்டைச் செய்வது சின்ன வேலை. ஒரு வெல்டிங் கடையில் அரை நாளில் முடியும். அதை எதில் தொங்கவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூட்டிய மேசைகள் விழுவது தகடு வளைந்து அல்ல, கிரில்லின் மெல்லிய பக்கத்தகட்டை போல்ட் பிய்த்துக்கொண்டு வருவதால்.

கணக்கைப் பாருங்கள். மேசை வெளியே 35 சென்ரிமீற்றர் நீள்கிறது, மேசையைக் கீழிருந்து தாங்கும் மடக்குக் கையான பிராக்கெட்டின் மேல் போல்டுக்கும் கீழ்ப் போல்டுக்கும் இடையே 15 சென்ரிமீற்றர் என்று வைப்போம். வெளி விளிம்பில் 10 கிலோ வைத்தால் மேல் போல்டுகளை வெளியே இழுக்கும் விசை 10 × 35 ÷ 15, அதாவது ஏறத்தாழ 23 கிலோ. அது பரவாயில்லை. ஆனால் ஒருவர் பேசிக்கொண்டே கையூன்றிச் சாய்ந்தால் 40 கிலோ சர்வசாதாரணமாக விழும். அப்போது மேல் போல்டுகளுக்கு வருவது 93 கிலோ. ஒரு மில்லிமீற்றர் கூட இல்லாத, உள்ளே துருப்பிடித்த தகட்டில் சின்ன வாசர் போட்ட போல்ட் அதைத் தாங்காது.

ஆகவே பிராக்கெட்டைத் தகட்டில் பூட்டாதீர்கள், கால்களில் பூட்டுங்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் குறுக்கே இரண்டு பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாய், 25 × 25 மில்லிமீற்றர், சுவர்த் தடிப்பு 1.6) கொடுத்து, அவற்றின் மேல் பிராக்கெட்டைப் பூட்டினால் பாரம் நான்கு இடங்களுக்குப் பிரிந்து போகும். இரண்டு பாருக்கும் இடையிலான தூரத்தை வாங்கிய பிராக்கெட்டின் ஓட்டைகளை அளந்தே தீர்மானியுங்கள். பிராக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பாரை வெட்டினால் பிறகு புது ஓட்டை போட வேண்டிவரும். கால்கள் இல்லாத, பெட்டி போன்ற கிரில் என்றால் தகட்டின் உட்பக்கம் 40 மில்லிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புப் பட்டையை மேலிருந்து கீழாக வைத்து, அதோடு சேர்த்து இறுக்குங்கள்.

நெருப்பு எரியும் பெட்டியில் மட்டும் ஓட்டை போடவே கூடாது. பழைய கிரில்களில் அது பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம். சூட்டிலும் குளிரிலும் வருடக்கணக்காக மாறி மாறிக் கிடந்த வார்ப்பு, டிரில்லின் அதிர்வுக்கே கீறல் விடும். அதோடு, அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் பூட்டி ஈரத்தில் விட்டால் போல்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். நமது மூடுபனி அதற்குப் போதுமான ஈரம்.

எந்தப் பக்கம் பூட்டுவது? கேஸ் குழாய் வந்து சேரும் பக்கத்தை விட்டு மற்றப் பக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கிரில்களின் கீழ்த்தட்டு அந்தந்த நாட்டுச் சிலிண்டருக்கு அளவெடுத்தது. நமது 12.5 கிலோ சிலிண்டர் பெரும்பாலும் அதில் உட்காராது, பக்கத்தில் தரையில்தான் நிற்கும். மேசை அதே பக்கம் என்றால், மடக்கும்போது மேசை ரெகுலேட்டரில் வந்து மோதும். வெட்டிய தகட்டின் விளிம்பு இறப்பர் குழாயில் தேய்ந்து தேய்ந்து அதை அறுக்கும். மேசை விரித்திருக்கும்போதோ, அவசரத்துக்கு வால்வை மூடக் கை போக இடமிருக்காது. பாத்திரம் வைப்பதற்காகச் செய்த மேசைக்கு அடியில் சிலிண்டரை ஒளித்து வைக்கும் பழக்கம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காற்றும் ஒரு காரணம். ஊவாப் பக்கம், முக்கியமாக அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும், ஆனி ஆடியில் அடிக்கும் காற்று மூடியின் அடியால் வரும் சூட்டை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். மேசை அந்தப் பக்கம் இருந்தால் தட்டுகள் காயும், பிளாஸ்டிக் கைப்பிடி உருகும். காற்று வரும் திசையில் மேசை இருக்கும்படி கிரில்லைத் திருப்பி நிறுத்துங்கள்.

இனிப் பொருட்கள். மேசைக்கு 18 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் தகடு. முழுத் தகடு வாங்க வேண்டாம், சமையலறைத் தொட்டி செய்யும் கடைகளில் துண்டுத் தகடு கிடைக்கும். 304 ரகம் கேளுங்கள். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவது பலரின் வழக்கம். அது 430 ரகத்தைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. 201 மலிவு, உப்பும் புளியும் ஈரமும் பட்டால் 304-ஐ விட வேகமாகப் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். காந்தத்தை மட்டும் நம்பாமல் பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். பலாப் பலகையிலும் மேசை செய்யலாம், பார்க்க அழகு. ஆனால் பச்சை இறைச்சி வைக்கும் இடத்துக்குத் தகடுதான் கழுவ இலகு. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழையில் எந்தப் பலகையும் வெளியே நீண்ட நாள் நிற்காது.

மேசையின் அளவு: கிரில்லின் முன்பின்னாக 45 சென்ரிமீற்றர், வெளியே 35. இதற்கு வெட்ட வேண்டிய தகடு 50 × 39 சென்ரிமீற்றர். இரண்டு பக்கங்களிலும் வெளி விளிம்பிலும் 25 மில்லிமீற்றர் கீழ்நோக்கி மடிப்பு. கிரில்லை ஒட்டிய விளிம்பில் மட்டும் 15 மில்லிமீற்றர் மேல்நோக்கி மடிப்பு. இதை வெல்டிங் கடையில் இரண்டு தரம் சொல்லுங்கள், ஏனென்றால் பழக்கத்தில் நான்கையும் கீழே மடித்துவிடுவார்கள். உள் விளிம்பு கீழே மடிந்திருந்தால், மேசையை இறக்கும்போது அந்த மடிப்பு உட்பக்கமாகச் சுழன்று பாரில் முட்டி நிற்கும், மேசை பாதியிலேயே சிக்கும். மேல்நோக்கி மடித்தால் அது வெளிப்பக்கமாகச் சுழன்று தடையில்லாமல் இறங்கும். கரண்டி உருண்டு கிரில் இடுக்குக்குள் விழாமலும் அதே மடிப்பு தடுக்கும்.

பிராக்கெட் 30 சென்ரிமீற்றர் கையுள்ள, தானாகப் பூட்டிக்கொள்ளும் மடக்கு வகை, ஒரு சோடி. கையின் நீளம் மேசையின் நீட்டத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். வாங்கும்போது விரித்துப் பூட்டி, நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கடையிலேயே கடகடவென்று ஆடுவது பிறகு நிற்காது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், ஒன்று மற்றதை விடத் தாழ்ந்து பூட்டினால் மேசை கோணலாகும்.

போல்ட் எல்லாம் 6 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ். பாரைக் காலோடு பிடிக்க 65 மில்லிமீற்றர் நீளத்தில் நான்கு, பிராக்கெட்டைப் பாரோடு பிடிக்க 40 மில்லிமீற்றர் நீளத்தில் நான்கு, மேசையைப் பிராக்கெட்டில் பிடிக்க 16 மில்லிமீற்றரில் தட்டைத்தலை போல்ட் நான்கு. கால் பக்கம் 25 மில்லிமீற்றர் அகலமான வாசர் போடுங்கள். நைலோன் வளையம் உள்ள நட்டு அதிர்வில் கழராது என்பது உண்மைதான். ஆனால் 120 பாகைக்கு மேல் அந்த நைலோன் இளகிப் பிடிமானத்தை இழக்கும். நெருப்புப் பெட்டிக்கு நெருங்கிய மேல் பாரில் ஸ்பிரிங் வாசரோடு சாதாரண நட்டு, மற்ற இடங்களில் நைலோன் நட்டு.

வேலை தொடங்கும் முன் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரைத் தூரத் திறந்தவெளியில் வையுங்கள். பேர்னருக்குக் காற்று போகும் வாய்களைத் துணியால் அடையுங்கள், டிரில் துகள் உள்ளே போனால் சுடர் மஞ்சளாக எரியும். அப்படியே உள்ளே சிலந்தி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாதக்கணக்கில் எரியாமல் நின்ற கிரில்லில் அது அடிக்கடி இருக்கும், சுடர் பின்வாங்கி வெளியே பற்றுவதற்கும் அதுவே காரணமாகும். முடிந்ததும் துணியை எடுக்க மறக்கக் கூடாது.

பாரின் உயரத்தை, மேசைத் தளம் கம்பித்தட்டை விட 2 அல்லது 3 சென்ரிமீற்றர் தாழ்வாக வருமாறு குறியுங்கள். நெருப்புப் பெட்டிக்கும் மேசை உள் விளிம்புக்கும் இடையே குறைந்தது 5 சென்ரிமீற்றர் வெளி வேண்டும், பலகை என்றால் 10. நிலம் மட்டமாக இல்லாத முற்றங்கள்தான் இங்கே அதிகம் என்பதால் ரசமட்டத்தைக் கிரில்லின் மேல் ஒரு தரம், பாரின் மேல் ஒரு தரம் வைத்து ஒப்பிடுங்கள். நிலத்தைப் பார்த்து மட்டம் எடுத்தால் கிரில்லை நகர்த்திய அன்றே மேசை சாயும்.

முதலில் 3 மில்லிமீற்றர், பிறகு 6.5 மில்லிமீற்றர் ஓட்டை. ஸ்டெயின்லெஸ்ஸில் டிரில்லை வேகமாக விட்டால் தகடு சூடேறி இறுகிவிடும், அதற்குப் பிறகு பிட் வழுக்குமே தவிர வெட்டாது. நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு மேல் போகாமல், விடாது அழுத்தி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துளையுங்கள். இந்தச் சின்ன வேலைக்குத் தேங்காயெண்ணெயே போதும். பொக்ஸ் பாரின் அடியில் 5 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று விடுங்கள். இரவுக் குளிரில் பாருக்குள் வியர்க்கும் நீர் வடிய வழியில்லாவிட்டால் அது உள்ளிருந்து உக்கும், வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். பாருக்குத் துரு சுரண்டி, ரெட் ஒக்சைட் இரண்டு பூச்சு, அதன் மேல் சூடு தாங்கும் பெயின்ட்.

போல்டுகளை முதலில் கையால் மட்டும் இறுக்கி, மேசையை விரித்து, வெளி விளிம்பு 3 மில்லிமீற்றர் மேலே நிற்கும்படி கீழ்ப் போல்டுக்குப் பின்னால் மெல்லிய வாசர் செருகி, பிறகு முழுதாக இறுக்குங்கள். பாரம் ஏறியதும் பிராக்கெட்டின் ஆட்டம் அந்த 3 மில்லிமீற்றரை எடுத்துக்கொண்டு மேசை மட்டமாகும். வெறும் குழாய்க் காலில் அளவுக்கு மீறி இறுக்காதீர்கள், குழாய் நசுங்கினால் பிடிப்பும் போச்சு. மடக்கும்போது பிராக்கெட்டின் இரண்டு பூட்டையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும் என்பதால், கீழே இரண்டு கையும் போக இடமிருக்கிறதா என்று இறுக்கும் முன்பே பாருங்கள்.

சோதனைக்கு ஒரு வாளியில் 10 லீற்றர் தண்ணீர். ஒருவர் கிரில்லைப் பிடித்திருக்க, வாளியை வெளி விளிம்பில் வைத்து அரை மணி விடுங்கள். 5 மில்லிமீற்றர் வரை தாழ்ந்து, வாளியை எடுத்ததும் திரும்ப எழும்பினால் நல்லது. எழும்பாவிட்டால் எங்கோ ஒன்று வளைந்துவிட்டது, பெரும்பாலும் காலில் வாசரின் அடியில். கிரில் கவிழ்வதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 35 கிலோ கிரில், கால்களுக்கு இடையே 50 சென்ரிமீற்றர் என்றால், காலிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி 29 கிலோ வைத்தாலே அது கவிழத் தொடங்கும். போல்ட் தாங்குகிறது என்பதற்காக மேசையில் யாரையும் சாய விடாதீர்கள், பிள்ளைகளை முக்கியமாக.

அடுத்து கேஸ். கிரில்லை அசைத்து வேலை செய்திருப்பதால் ஒவ்வொரு பொருத்திலும் சவர்க்கார நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். குழாயை மடித்துப் பார்த்து மேலே வெடிப்புத் தெரிந்தால் புதுக்குழாயே போடுங்கள். பிறகு மூடியை மூடி முழுச் சூட்டில் 20 நிமிடம் எரிய விட்டு, மேசையின் உள் விளிம்பில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சீறினால் நெருப்புப் பெட்டிக்கும் மேசைக்கும் நடுவே இன்னொரு தகட்டை, இரண்டு பக்கமும் 15 மில்லிமீற்றர் காற்று போகும் வெளி விட்டுப் பூட்ட வேண்டும். மேசையோடு ஒட்டிப் பூட்டினால் அது வெறும் இன்னொரு சூடான தகடுதான்.

நுவரெலியாவில் தை மாத இரவில் சுடர் தாழ்ந்தால் மேசையையோ பேர்னரையோ குறை சொல்ல வேண்டாம். சிலிண்டருக்குள் இருக்கும் பியூட்டேன் பூச்சியப் பாகையை நெருங்கும்போது ஆவியாக மறுக்கிறது, கேஸ் ஆவியாகும்போதே சிலிண்டர் இன்னும் குளிர்கிறது. அதற்காகச் சிலிண்டரைக் கிரில்லுக்குக் கிட்ட இழுப்பதும் சுடுநீர் ஊற்றுவதும் ஆபத்து. பேர்னர் ஒன்றை அணைத்து, கொஞ்சம் மெதுவாகச் சமையுங்கள்.

மழை தொடங்கினால் மேசையை இறக்கிவிடுங்கள். இறக்கிய மேசையின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் இடையே ஒரு சாணாவது வெளி இருக்கட்டும், கேஸ் கசிந்தால் அது தாழ்வாகத்தான் தேங்கும், வெளியேற வழி வேண்டும். மாதத்துக்கு ஒரு தரம் பிராக்கெட்டின் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய், மேல் பாரின் நட்டுகள் தளர்ந்திருந்தால் மட்டும் கால் சுற்று இறுக்கம்.